கீழ்வீட்டு மாமா விழுந்தது எப்படி

மக்களே, போன மாதம் மார்த்தாண்டத்தில் நடந்த கல்யாண வீட்டில் கீழ்வீட்டு மாமா ஊன்றுகோலை ஊன்றிக்கொண்டு பந்திக்கு வந்தபோது, நீங்கள் இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டதை நான் கவனித்தேன். திரும்பி வரும்போது பஸ்ஸில் மகன் என்னிடம் கேட்டான், "அப்பா, அந்த மாமாதானே குடிச்சிட்டு சைக்கிள்ல இருந்து விழுந்தது?" நான் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். டிக்கெட்டைத் தேடுவது போல் பையைத் துழாவினேன்.

அந்தக் கேள்விக்குப் பதிலைத்தான் இப்போது எழுதுகிறேன். வாயால் சொன்னால் நடுவில் எங்கேயாவது எனக்குச் சாதகமாக வளைத்துவிடுவேன் என்று பயம். எழுதினால் திரும்ப வாசித்துப் பார்த்துத் திருத்தலாம். நான் பத்தாம் வகுப்போடு நின்றவன். எழுத்துப் பிழை இருந்தால் மகள் சரி பண்ணிக்கொள்ளட்டும். நடந்ததை மட்டும் மாற்ற வேண்டாம்.

இது நடந்தது 2012-ஆம் வருடம், பங்குனி மாதம். அப்போது நாம் குலசேகரத்துக்கு மேலே எஸ்டேட் ஓரத்தில் குடியிருந்தோம். மகளுக்கு ஏழு வயது, மகனுக்கு நாலு. நானும் கீழ்வீட்டு மாமாவும் அந்த எஸ்டேட்டில் ரப்பர் பால் வெட்டிக்கொண்டிருந்தோம். அடுத்தடுத்த பிளாக். அவர் மரத்தில் கத்தி வைக்கும் சத்தம் எனக்குக் கேட்கும், நான் இருமினால் அவருக்குக் கேட்கும். வீடும் அப்படித்தான். நம் முற்றத்திலிருந்து பத்துப் படி இறங்கினால் அவர் வீடு. அதனால்தான் அவர் உங்களுக்குக் கீழ்வீட்டு மாமா.

அவரைப் பற்றி இரண்டு விஷயம் தெரிந்தால்தான் மற்றது புரியும்.

ஒன்று, அவருடைய முதுகு. அதற்கு இரண்டு வருடம் முன்னால், இரண்டு கையிலும் பால் வாளியோடு சரிவில் இறங்கும்போது வழுக்கி, கல்லின் மேல் முதுகு அடிக்க விழுந்தார். பால் சிந்தக் கூடாதென்று வாளியை விடாமல் விழுந்தார், அதனால்தான் அடி பலம். எலும்பு டாக்டர், குனிந்து நிமிரலாம், வேலையும் செய்யலாம், ஆனால் உடம்பு குலுங்கக் கூடாது என்று சொல்லி அனுப்பினார். எஸ்டேட் ரோடு முழுக்கக் கல். பைக்கில் போனால் குலுங்கும். நடந்தால் மேடு. வெட்டை விட்டுவிட்டால் வேறு தொழில் தெரியாது. அப்போதுதான் அவர் மச்சினன் மஸ்கட்டிலிருந்து லீவில் வரும்போது, பெரிய அட்டைப்பெட்டியில் ஒரு மலைச் சைக்கிளைக் கொண்டுவந்தார். முன்னால் குலுக்கலை வாங்கிக்கொள்ளும் ஒரு ஷாக், சீட்டுக்குக் கீழே பின்சக்கரத்துக்கு ஒரு ஷாக். கல்லில் ஏறினால் சக்கரம்தான் மேலே போகும், ஆள் அப்படியே இருப்பார். வெட்டுக்காரர்கள் எல்லாரும் சேர்ந்து அதற்கு 'சோபா' என்று பெயர் வைத்துவிட்டார்கள். "என்ன ஓய், சோபாவுல இருந்துட்டே வெட்டுக்குப் போறீரா? காப்பி ஒண்ணு கொண்டு தரட்டா?" என்று கேட்பார்கள். அவரும், "கடுங்காப்பி போதும், பைய கொண்டு வா, சிந்தீராதே," என்று சொல்லிவிட்டுப் போவார்.

இரண்டாவது விஷயம், குடி. ஆமாம், அவர் குடித்துக்கொண்டிருந்தவர்தான். நன்றாகவே குடிப்பார். ஒரு கட்டத்தில் மாமி மகளையும் கூட்டிக்கொண்டு தக்கலையில் உள்ள தன் அம்மா வீட்டுக்குப் போய்விட்டார். மாமி அண்டி ஆபீசில் வேலை செய்தவர். முந்திரிப்பருப்பு தோல் உரித்துக் கை முழுக்கக் கறுத்துப்போன பெண். அதிகம் பேச மாட்டார், பேசினால் மாற்ற மாட்டார். மாமா ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் எல்லார் முன்னாலும் எழுந்து நின்று, இனிமேல் தொடுவதில்லை என்று சொன்னார். அதற்கு மூன்று மாதம் கழித்துத்தான் மாமி திரும்பி வந்தார். வரும்போதே சொல்லிவிட்டார், ஒரு நாள் வாசனை வந்தாலும் போய்விடுவேன், பிறகு கூப்பிட வராதே என்று. நான் சொல்லும் சமயத்தில் அவர் குடியை விட்டு நாலு வருடம் ஆகியிருந்தது. அந்த நாலு வருடத்தைத்தான் நான் கெடுத்தேன்.

எப்படி என்று சொல்கிறேன்.

சைக்கிளின் பின்பக்க ஷாக் எண்ணெய் கக்க ஆரம்பித்தது. பிறகு உள்ளே இருக்கும் தண்டு வளைந்து, அமுங்கினால் அமுங்கியபடியே நின்றது. அந்த மாதிரி ஷாக் நம் ஊரில் இல்லை. மார்த்தாண்டத்துச் சைக்கிள் கடையில் வேறொரு சைக்கிளின் ஷாக்கை அவர் வாங்கி வந்தார். நீளம் சரியாக இருந்தது. ஆனால் இரண்டு முனையிலும் போல்ட் போகும் துளை பெரியது. போல்ட்டைச் செருகினால் உள்ளே கடகடவென்று ஆடியது. இடைவெளியை அடைக்கத் துளைக்குள் குழாய் மாதிரி ஒரு புஷ் போட வேண்டும்.

சனிக்கிழமை மத்தியானம் அதை எடுத்துக்கொண்டு நம் முற்றத்துக்கு வந்தார். மிக்சியிலிருந்து மருந்தடிக்கும் பம்பு வரைக்கும் எது கெட்டாலும் அக்கம்பக்கத்தில் என்னிடம்தான் வரும். எனக்கும் அதில் ஒரு பெருமை.

"மக்கா, கடைக்காரன் சொல்லுகான், நாகர்கோவில்ல லேத்துல குடுத்து பித்தளையில புஷ் கடைஞ்சு போடணுமாம். செவ்வாய்க்கிழமை ஆவுமாம்."

"ஒரு புஷ்ஷுக்கு நாகர்கோவில் வரைக்கும் பஸ் கேறணுமா? ரப்பர் ஊர்ல இருந்துட்டு புஷ்ஷுக்கு அலையுகியா நீ?"

"இல்ல, எனக்க நடுவு பாத்துக்கோ. வல்லதும் ஆச்சுன்னா..." முதுகைத் தொட்டுக் காட்டினார்.

"ஏலே, நான் இருக்கும்போது உனக்க நடுவுக்கு என்ன வரும்? தா இங்க."

ரப்பர் ஷீட்டைப் புகை போட்டு உலர்த்தும் கூண்டிலிருந்து காய்ந்த ஷீட் ஒன்றை எடுத்தேன். வெட்டுக்கத்தியால் நாடா மாதிரி அறுத்தேன். அதைப் போல்ட்டின் மேல் இறுக்கமாகச் சுற்றினேன். துளைக்குள் போகவில்லை. மேலே கொஞ்சம் கிரீஸ் தடவி, மரக்கட்டையால் தட்டி இறக்கினேன். பக்குவமாய்ப் போய் உட்கார்ந்தது. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, இரண்டு முனையையும் பிரேமில் மாட்டி, நட்டை இறுக்கினேன். பழைய நட்டின் உள்ளே இருக்கும் நைலான் வளையம் தேய்ந்திருந்தது. அது இருந்தால்தான் நட்டு தானாகக் கழலாது. அதைப் பார்த்தேன். பார்த்துவிட்டு, இன்னும் ஒரு சுற்று இறுக்கினால் போதும் என்று விட்டுவிட்டேன்.

சீட்டில் என் முழுப் பாரத்தையும் வைத்து அமுக்கினேன். சத்தமே இல்லை. சீட்டு இறங்கி, மறுபடி ஏறி வந்தது. அவர் முற்றத்தில் இரண்டு சுற்றுச் சுற்றினார்.

"கொள்ளாம் மக்கா! முந்தினதவிட மெத்து மெத்துன்னு இருக்கு."

"பின்ன? இதுக்குப் போயி லேத்தாம்."

இதில் நான் செய்த தப்பு என்னவென்று உங்களுக்குச் சொல்ல வேண்டும். நாம் பாலை உறையவைத்து உலர்த்தும் ஷீட் பச்சை ரப்பர். டயர், செருப்பு எல்லாம் பாக்டரியில் மருந்து சேர்த்து வேகவைத்த ரப்பர். பச்சை ரப்பர் வெயிலில் இளகும். எண்ணெய் பட்டால் ஊறி, கூழாகிவிடும். ஷீட்டில் ஒரு சொட்டு எண்ணெய் பட்டிருந்தாலும் வியாபாரி அதைத் தனியாகத் தள்ளிவிடுவான். இதெல்லாம் பதினேழு வயதிலிருந்து பால் வெட்டுகிற எனக்குத் தெரியாதா? தெரியும். ரப்பர் ஷீட்டாகப் பார்த்தால் தெரியும். அன்றைக்கு அதை நான் புஷ்ஷாகப் பார்த்தேன். என் கையால் கிரீஸைத் தடவி அதைக் கொன்றுவிட்டு, கைதட்டலுக்கு நின்றேன்.

பங்குனி வெயில். மரமெல்லாம் இலை உதிர்த்து அப்போதுதான் தளிர் விட்டிருந்தது. எஸ்டேட்டுக்குள் நிழலே இல்லை. சைக்கிள் தினமும் பிளாக் ஓரத்தில் வெயிலில் நிற்கும். பத்தாம் நாள் வரைக்கும் தாங்கியது.

அன்றைக்குக் காலையில் அவருக்கு முதுகு வலி அதிகம். வைத்தியசாலை அரிஷ்டம் ஒரு குப்பி வீட்டில் இருக்கும். அதைக் குடித்துவிட்டு வந்ததாக வெட்டுக்கு ஏறும்போதே என்னிடம் சொன்னார். அரிஷ்டத்துக்கு என்ன வாசனை இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். மூடியைத் திறந்தாலே கள்ளுக்கடை மாதிரி இருக்கும்.

பதினொரு மணி இருக்கும். பாலைக் கொடுத்துவிட்டு அவர் முன்னால் இறங்கினார். நான் வாளியைக் கழுவிக்கொண்டிருந்தேன். கீழே வளைவில் ஒரு சத்தம், பிறகு இரும்பு கல்லில் இழுபடும் சத்தம். மனிதச் சத்தம் இல்லை. அதுதான் என்னை ஓட வைத்தது.

கல்லின் மேல் ஒருக்களித்துக் கிடந்தார். கண் திறந்திருந்தது. "காலு எங்க கிடக்கு மக்கா?" என்று கேட்டார். கால் அவரோடுதான் இருந்தது. அவருக்குத் தெரியவில்லை.

சைக்கிள் ஓடைப் பக்கம் கிடந்தது. சீட்டு பின்சக்கரத்தின் மேல் போய் உட்கார்ந்து, சக்கரம் சுற்ற முடியாமல் இறுகியிருந்தது. ஷாக் ஒரு முனையில் தொங்கியது. மேல்முனையில் போல்ட் இல்லை. துளைக்குள் கருப்பட்டிப் பாகு மாதிரி ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது. நான் அதைப் பெருவிரலால் தொட்டேன். நூல் மாதிரி இழுபட்டு வந்தது. எல்லாம் அந்த ஒரு நொடியில் புரிந்துவிட்டது. புஷ் கூழாகி, போல்ட் உள்ளே அடித்து ஆடி, நட்டு கழன்று, சரிவில் போல்ட் தெறித்துவிட்டது.

விரலைக் கைலியில் துடைத்துக்கொண்டேன்.

அதற்குள் சூபர்வைசரும் நாலைந்து வெட்டுக்காரர்களும் வந்துவிட்டார்கள். சூபர்வைசர் குனிந்து அவர் முகத்தருகே மூக்கை வைத்தார். நிமிர்ந்தார்.

"என்னவே, பட்டப்பகல்லயே தொடங்கியாச்சா?"

"அரிஷ்டம் சார்..." என்றார் மாமா.

"ஆமா ஆமா. எல்லாரும் அரிஷ்டம்தான் குடிக்கிய."

இரண்டு பேர் சிரித்தார்கள். "சோபா கவுந்துட்டுலே," என்று ஒருவன் சொன்னான். மாமா என்னைப் பார்த்தார். நான் சொல்ல வேண்டியது ஒரே வரி. ஆமாம் சார், அரிஷ்டம்தான், காலையிலேயே என்னிடம் சொன்னார். அவ்வளவுதான். அதைக்கூட நான் சொல்லவில்லை. ஏன் தெரியுமா மக்களே? குடி இல்லை என்று ஆகிவிட்டால், பிறகு ஏன் விழுந்தார் என்று எல்லாரும் சைக்கிளைத் திரும்பிப் பார்ப்பார்கள். குடி என்று இருந்தால் யாரும் சைக்கிளைப் பார்க்க மாட்டார்கள். இவ்வளவையும் நான் அங்கே நின்று யோசிக்கவில்லை. ஆனால் என் வாய்க்கு அது தெரிந்திருந்தது. அது மூடிக்கொண்டது.

அவரை ஜீப்பில் ஏற்றி அனுப்பிவிட்டு, நான் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். பத்திரமாக வைக்கத்தான் என்று உங்கள் அம்மாவிடம் சொன்னேன். பின்பக்கம் கொண்டுபோய், மண்ணெண்ணெய் ஊற்றித் துளையைச் சுத்தமாகத் துடைத்தேன். துடைத்த துணியை அடுப்பில் போட்டேன்.

சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குப் போனேன். மாமி அண்டி ஆபீசிலிருந்து அப்படியே வந்திருந்தார். வராந்தாவில் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"அண்ணா, நீங்க கூடதானே இருந்தீங்க. அவரு குடிச்சிருந்தாரா?"

"நான்... நான் பாக்கல தங்கச்சி."

"பாக்கலையா, இல்ல குடிக்கலையா?"

"தெரியாது."

உள்ளே மாமா கட்டிலில் அசையாமல் படுத்திருந்தார். என்னைக் கண்டதும் முகம் தெளிந்தது. "நீ வந்தியா. நீயாவது அவகிட்ட சொல்லு. சைக்கிளு தானா ஒடிஞ்சுது மக்கா. சீட்டு திடீர்னு கீழ போச்சு. நீ சைக்கிள பாத்தியா?"

"பாத்தேன்."

"என்ன ஆச்சு அதுக்கு?"

"ஒண்ணும் இல்ல. விழுந்த அடியில போல்ட் தெறிச்சிருக்கு."

இந்த ஒரு வரியை எழுதத்தான் எனக்கு மூன்று நாள் ஆனது. அவர் உடம்புக்கு நான் செய்தது முட்டாள்தனம். அதை மன்னிக்க ஆள் கிடைக்கும். இந்த வரி முட்டாள்தனம் இல்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் போனோம். நம் சபையில் வாசலை ஒட்டி ஒரு கரும்பலகை இருக்கும். யாருக்காக ஜெபிக்க வேண்டுமோ அவர்கள் பெயரும், எதற்காக என்பதும் அதில் எழுதியிருக்கும். ஒருவருக்குச் சுகத்துக்காக, ஒருவருக்கு வேலைக்காக, ஒருவருக்குக் குழந்தை பாக்கியத்துக்காக. மாமாவின் பெயரும் இருந்தது. நான் சுகத்துக்காக என்றுதான் எழுதியிருப்பார்கள் என்று நினைத்தேன். 'குடியிலிருந்து விடுதலைக்காக' என்று எழுதியிருந்தது. அழகான கையெழுத்து. யாரோ அன்போடு எழுதியது. அதுதான் கொடுமை. பகையோடு எழுதியிருந்தால் சண்டை போட்டிருக்கலாம்.

மாமி அதன் முன்னால் குடையை மடக்காமல் நின்றார். உள்ளே பாட்டு தொடங்கியும் நின்றுகொண்டிருந்தார். பிறகு உள்ளே வராமல் திரும்பிப் போய்விட்டார். போதகர் பலகையில் உள்ள பெயர்களை வாசிக்கும்போது நானும் எல்லாரையும் போல் கண்ணை மூடிக்கொண்டேன். அந்த வாரமே மாமி மகளைத் தக்கலைக்கு அனுப்பிவிட்டார். தான் மட்டும் இருந்தார். எழுந்திருக்க முடியாதவரை விட்டுப் போக முடியாதே. கஞ்சி கொடுப்பார், துடைத்து விடுவார், துணி மாற்றுவார். பேச மாட்டார்.

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு, நான் ஒரு நாள் மத்தியானம் அவரைப் பார்க்க இறங்கிப் போனேன். எவ்வளவு நாள் போகாமல் இருப்பது? அவர் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். என்னைப் பார்க்காமலேயே பேசினார்.

"மக்கா, நான் கிடந்து யோசிச்சேன். எப்பவும் ரெண்டு மூடிதான் அரிஷ்டம் குடிப்பேன். அண்ணைக்கு வலி பொறுக்காம மூணு மூடி குடிச்சேன். அதுதான் தலைக்குக் கேறிட்டு போல. குடிச்ச உடம்பு பாத்தியா, அதுக்குப் பழைய ஞாபகம் வந்திருக்கும். அவ சொல்லுதது சரிதான்."

மக்களே, ஊரே அவரைக் குடிகாரன் என்றபோது என்னால் தாங்க முடிந்தது. மாமி பேசாமல் இருந்ததையும் தாங்கினேன். அவரே அதை நம்ப ஆரம்பித்ததைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தேன். கூழான புஷ், துடைத்த விரல், மண்ணெண்ணெய், ஆஸ்பத்திரியில் சொன்ன பொய் எல்லாவற்றையும் சொன்னேன். நடுவில் மாமி கஞ்சிக் கிண்ணத்தோடு வந்து கதவருகே நின்றுவிட்டார். நான் நிறுத்தவில்லை. நிறுத்தினால் மறுபடி தொடங்க முடியாது என்று தெரியும்.

மாமா கூரையிலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்தார். பிறகு ஒரு வெட்டுக்காரன் இன்னொரு வெட்டுக்காரனிடம் கேட்பது போலக் கேட்டார்.

"கிரீஸ் போட்டியா?"

"போட்டேன்."

"ஷீட்டுல எண்ண படப்பிடாதுன்னு உனக்குத் தெரியாதா?"

"தெரியும்."

அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுக்கப் பார்த்தார். முடியவில்லை. நான் பிடிக்கப் போனேன்.

"தொடாதே."

மாமி கிண்ணத்தைக் கீழே வைத்தார். அழவில்லை, திட்டவில்லை. "எனக்கிட்ட சொன்னா ஆச்சா? எத்தன பேரு எனக்க காதுல வந்து ஓதினானுவ. ஒவ்வொருத்தன்கிட்டயும் போய்ச் சொல்லுங்க," என்றார்.

மறுநாள் போனேன். பால் அளக்கும் கொட்டகையில் எல்லாரும் வாளியோடு வரிசையில் நின்ற நேரம். உரக்கச் சொன்னேன். அவர் குடிக்கவில்லை, அரிஷ்டம்தான், விழுந்தது என் புஷ்ஷால் என்று. எனக்கு அடி விழும் என்று நினைத்தேன், விழுந்தால் நல்லது என்றும் நினைத்தேன்.

வரிசையில் ஒருவன் சொன்னான், "கூட்டுக்காரன்னா இப்பிடி இருக்கணும்லே."

"ஏய், நான் உண்மையச் சொல்லுகேன்!"

"சரி ஓய், சரி. எங்களுக்குப் புரியாதா?"

சூபர்வைசர் என் தோளில் தட்டினார். "உம்ம மனசு யாருக்கு வரும்? ஆனா அவனுக்குள்ள பழிய நீரு சுமக்காண்டாம் ஓய். அண்ணைக்கு நானே மோந்து பாத்தேன்லா."

வந்து சைக்கிளைப் பாருங்கள் என்று சத்தம் போட்டேன். இரண்டு பேர் வந்து பார்த்தார்கள். துளை புதுசு போலச் சுத்தமாக இருந்தது. நான்தானே மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்தவன். ஒருவன் துளைக்குள் விரலை விட்டுச் சுற்றிக் காட்டி, "இதுல எங்க ரப்பர் இருக்கு?" என்று கேட்டுச் சிரித்தான். நான் எவ்வளவு கத்துகிறேனோ அவ்வளவுக்கு என்னை நல்லவன் என்றார்கள். டீக்கடையில் சொன்னேன், அங்கேயும் அதே. போதகரிடம் சொன்னேன். அவர் மட்டும் நம்பினார் என்று நினைக்கிறேன். ஆனால் பலகையில் உள்ளதை அழித்துவிடுங்கள் என்று கேட்டபோது, "ஜெபத்தை எதுக்கு அழிக்கணும்? யாருக்கும் கெடுதல் இல்லியே, இருந்துட்டுப் போகட்டும்," என்றார்.

மாமி நம்பினார். அது ஒன்றுதான் எனக்குக் கிடைத்த ஆறுதல். தக்கலைக்கு அனுப்பிய மகளைத் திரும்ப அழைத்துக்கொண்டார். மாமாவோடு பேசவும் ஆரம்பித்தார். ஆனால் எஸ்டேட்டில் அவருக்கு வேலை இல்லை என்று சொல்லிவிட்டார்கள், முதுகும் பழைய நிலைக்கு வரவில்லை. குடித்து விழுந்தவன் என்ற பெயரோடு அந்த ஊரில் இருக்க மாமிக்கும் மனமில்லை. முதல் மழைக்கு முன்னால் மூன்று பேரும் தக்கலைக்குப் போய்விட்டார்கள். ஜீப்பில் முன்சீட்டில், முதுகுக்குத் தலையணை வைத்து அவரை உட்கார வைத்திருந்தார்கள். நான் சாமான்களை ஏற்றிக் கொடுத்தேன். மாமி, "வாறோம்ணா," என்றார். மாமா ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஜீப் கிளம்பும் வரைக்கும் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கல்யாண வீட்டில் நீங்கள் அவரைக் கண்டதும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டீர்களே, அவர் அதைக் கவனித்தார். எனக்குத் தெரியும், அவர் கவனிப்பார். என்னிடமும் இரண்டு வார்த்தை பேசினார். சாப்பிட்டியா என்று கேட்டார். சாப்பிட்டேன் என்றேன். அடுத்த முறை அவரை எங்கே பார்த்தாலும் நீங்கள் பக்கத்தில் போய், மாமா என்று கூப்பிட்டு, கையைப் பிடித்துப் பேச வேண்டும். அவர் அன்றைக்குக் குடிக்கவில்லை. அதற்கு முன் நாலு வருடமும் குடிக்கவில்லை. இன்று வரைக்கும் குடிக்கவில்லை.

உண்மையைச் சொல்ல எனக்குக் கிடைத்த நேரம், அந்த வளைவில் அவர் என்னைப் பார்த்த அந்த ஒரு நிமிடம். அப்போது சொல்லியிருந்தால் அது அவரைக் காப்பாற்றியிருக்கும். பிந்திப் போய்ச் சொன்னேன், அது என்னைத்தான் நல்லவனாக்கியது. தப்பு செய்தவனுக்கு ஊர் கொடுக்கும் நல்ல பெயரைவிடக் கனமான தண்டனை எனக்குத் தெரியவில்லை.

அவர்கள் போன மறுவாரம், புதன்கிழமை என்று நினைக்கிறேன், வெட்டு முடிந்து தனியாக நம் சபைக் கோயிலுக்குப் போனேன். அங்கே யாரும் இல்லை. பலகையில் அவர் பெயர் அப்படியே இருந்தது. பல வாரமாக இருந்த சாக்பீஸ் எழுத்து, வெறுங்கையால் தேய்த்தால் போகவில்லை. கிணற்றடியில் துண்டு முனையை நனைத்துக்கொண்டு வந்து அவர் பெயரை அழித்தேன். 'குடியிலிருந்து' என்ற சொல்லையும் அழித்தேன். 'விடுதலைக்காக' என்பதை மட்டும் அந்த நல்ல கையெழுத்திலேயே விட்டுவைத்தேன். ஈரம் காயும் வரைக்கும் காத்திருந்தேன். பிறகு பலகையின் கீழ்ச்சட்டத்தில் கிடந்த சாக்பீஸ் துண்டை எடுத்து, அவர் பெயர் இருந்த இடத்தில் என் பெயரை எழுதி, பக்கத்தில் 'பொய்யிலிருந்து' என்று சேர்த்தேன்.